அருவா வச்ச சாமி கோயில்

காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி மனு எழுத வருகிறவர்கள் பிரிஸ்கில்லாவுக்குப் புதிதில்லை. கோவில்பட்டி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்குக் கீழே மேஜை போட்டு இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறவர் அவர். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய கணவன், சொல்லாமல் கம்பெனி வேலைக்குப் போன மகள், கட்டை அறுத்துக்கொண்டு ஓடிய எருமை என்று எத்தனையோ பேரைத் தேடி எழுதியிருக்கிறார். ஆனால் நன்றி சொல்வதற்காக ஓர் ஆளைத் தேடி மனுக் கொடுக்க வந்தவன் எட்வர்ட் ஒருவன்தான்.

வந்தவனின் இடது தோளில் ஏழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் ஆஸ்பத்திரி பை.

"யாரைக் காணோம் தம்பி?" என்று பேனாவைத் திறந்தார் பிரிஸ்கில்லா.

"காணோம்னு இல்லக்கா. ஒரு பொம்பளையத் தேடுதேன். பேரு தெரியாது, ஊரு தெரியாது. மூஞ்சியக்கூட நான் பாக்கல. ஆனா அவிய இல்லேன்னா இந்தப் பிள்ளை இல்ல, என் வீட்டம்மாவும் இல்ல."

பிரிஸ்கில்லா பேனாவை மூடிவிட்டார். பக்கத்து ஸ்டூலில் இருந்த கண்ணபிரான் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணபிரானுக்கு ஆட்டோ ஓட்டுவதுதான் தொழில். ஆனால் சவாரி இல்லாத நேரமெல்லாம், சில சமயம் சவாரி காத்திருக்கும்போதுகூட, அவனை இங்கேதான் பார்க்கலாம். பிரிஸ்கில்லாக்கா மேஜைக்கு வருகிற சிக்கல்களில் பாதியை அவர் மனு எழுதாமலே அவிழ்த்துவிடுகிறார் என்பதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே உண்டு.

பிரிஸ்கில்லாவின் ஆயுதம் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. மனு எழுத வருகிறவர்கள் பேசும் சொற்களை அதில் குறித்துவைப்பார். எந்தச் சொல் எந்த ஊரில் எப்படி ஒலிக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்ணபிரான் மேஜைமேல் சாய்ந்தால், "ஏலே, மேஜைங்கிறது போர்ச்சுக்கீசியன் கப்பல்ல கொண்டாந்த சொல்லு. ஜன்னலும் சாவியும் அலமாரியும்கூட அப்படித்தான். ஐநூறு வருசம் தாங்கினத நீ உடைச்சிராத" என்பார்.

எட்வர்ட் குளத்தூர்க்காரன். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவன். அவன் சொன்னதன் சுருக்கம் இது.

பதினோரு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை காலையில், அவன் மனைவி ஷைலா குழந்தை ஜோபினை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தன் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். முந்தின நாள் நல்ல மழை. டிராக்டர் சக்கரங்கள் வயலிலிருந்து இழுத்து வந்த கரிசல் மண் தார் ரோட்டில் வெண்ணெயாகப் படிந்து கிடந்தது. கீழக்கரிசல்பட்டி ஓடைப்பாலத்தில் வண்டி சறுக்கியது. ஷைலா தலை அடிபட்டு மயங்கிவிட்டாள். கட்டு அவிழ்ந்து குழந்தை ஓடைத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஆம்புலன்ஸ்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். யாரோ ஒரு பொம்பளை தண்ணிக்குள்ள குதிச்சிப் பிள்ளையத் தூக்கிருக்காவ. தலைகீழாப் பிடிச்சித் தட்டி, மூச்சு வர வச்சி, அவிய துவாலையில சுத்தி வச்சிருக்காவ. ஷைலா போனை எடுத்து நூத்தியெட்டுக்கும் அவியதான் சொல்லிருக்காவ. எனக்கும் அதுலதான் பேசுனாவ. நான் போய்ச் சேருறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்து ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போயிருச்சி. அவியளும் போயிட்டாவ."

எட்வர்ட் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு தங்கச் சங்கிலி. கொக்கி அறுந்திருந்தது.

"துவாலைய அலசும்போது எங்க அம்மா கையில தட்டுப்பட்டுச்சி. பிள்ளை கையில மாட்டி அறுந்திருக்கும்போல. ஷைலா இங்கன பெரியாஸ்பத்திரியில கால்ல கம்பி வச்சிப் படுத்திருக்கா. கண்ணு முழிச்சதுல இருந்து ஒரே பேச்சுதான். 'மூணு பவுனத் தொலைச்சிட்டு அந்தப் பொண்ணு வீட்ல என்ன பாடுபடுதாளோ, முதல்ல அவளத் தேடுங்க'ன்னு அழுதா. வாட்ஸ்அப்புல போட்டேன். சங்கிலி என்னுதுன்னு ரெண்டு பேரு வந்துட்டாவ. எப்படி அறுந்துச்சின்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியல."

"அவிய பேசுனது போன்ல பதிவாயிருக்கா?"

"இருக்குக்கா. என் போன்ல எல்லாக் காலும் தானா பதிவாயிரும்."

எட்வர்ட் ஸ்பீக்கரில் போட்டான். தூரத்தில் ஆடுகள் கத்துவது கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல்.

"அண்ணாச்சி, இந்தப் போனுக்குரிய அக்கா வண்டியில இருந்து விழுந்துட்டாவ. பதறாதீங்க. பிள்ளை நல்லாருக்கு, என் கையிலதான் இருக்கு. அக்காவுக்கு மூச்சு இருக்கு."

"எங்கன? எந்த இடம்?" இது எட்வர்ட்.

"கீழக்கரிசல்பட்டி கோயிலு... அருவா வச்ச சாமி கோயிலு இருக்குல்லா அண்ணாச்சி, பெரிய மீசை வச்ச சாமி. அதுக்கு வடக்க, ஓடைப்பாலம். வெரசா வாங்க." குழந்தை வீரிட்டது. "ஏடவொத்து... ஏடவொத்து..." என்று குரல் குழைந்தது. அத்தோடு பதிவு முடிந்தது.

"அருவா வச்ச சாமின்னதும் நான் கருப்பசாமி கோயிலுக்குப் போயிட்டேங்க்கா. அது ஊருக்குத் தெக்க, அங்கயும் ஒரு ஓடைப்பாலம் உண்டு. அங்கன தேடிட்டு இங்கிட்டு வாரதுக்குள்ள கால் மணி நேரம் போயிருச்சி. ஓடைப்பாலத்துக்கிட்ட இருக்கது சுடலைமாடன் கோயில். அப்படிச் சொல்லியிருந்தாவன்னா நேரா வந்திருப்பேன். அவியளையும் பாத்திருப்பேன்."

"சுடலைமாடன் கோயில்னு போர்டு இருக்கா?"

"கோயில் வாசல் வளைவுல ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கு. பாலத்துல நின்னாலே தெரியும். அதான் நான் யோசிச்சேன். உள்ளூர்க்காரின்னா கோயில் பேரு தெரியாதா? பிள்ளைகிட்ட பேசுனது தெலுங்குன்னு கூட்டாளி ஒருத்தன் சொன்னான். உப்பு ஏத்த ஆந்திரா லாரி வரும்லா, அதுல வந்த ஆளா இருக்கும்னு எல்லா லாரிக்காரங்ககிட்டயும் கேட்டேன். கீழக்கரிசல்பட்டியிலயும் போய், 'என் பிள்ளையக் காப்பாத்தின ஆந்திராக்காரப் பொம்பளையப் பாத்தீங்களா'ன்னு கேட்டேன். அப்படி யாரும் வரலைன்னுட்டாவ."

கண்ணபிரானால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஆந்திராவும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி! அது எங்க வீட்டுப் பேச்சு. அழாதன்னு அர்த்தம். எங்க அம்மா என்னை இடுப்புல வச்சிக்கிட்டு இதத்தான் சொல்லுவா. எங்க ஊரு எப்போதும்வென்றான் பக்கம். இந்தக் கரிசக்காட்டுல தெலுங்கு பேசுற வீடு எத்தனை தலைமுறையா இருக்கு!"

"சரியாச் சொன்ன," என்றார் பிரிஸ்கில்லா. அவர் அபூர்வமாகத்தான் பாராட்டுவார். கண்ணபிரான் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கியிருப்பான்.

"தம்பி, அவ பேச்ச இன்னொரு தடவ யோசிச்சிப் பாருங்க. 'விழுந்துட்டாவ', 'அதுக்கு வடக்க'. வேத்தூர்க்காரிக்கு இந்தப் பேச்சு வருமா? புது இடத்துல நிக்கிறவ இடது பக்கம் வலது பக்கம்னுதான் சொல்லுவா. வடக்கு எதுன்னு யோசிக்காமச் சொல்லணும்னா அந்த மண்ணுல புழங்கியிருக்கணும். பின்னால ஆடு கத்துது. லாரியில வந்தவளுக்கு ஆடு ஏது? அவ உள்ளூர்தான்."

"அப்ப கோயில் பேரு ஏன் தெரியலைக்கா?"

"தெரியாம இல்ல. சொல்லல. 'கோயிலு'ன்னு ஆரம்பிச்சிட்டு நிறுத்துதா, பாத்தீங்களா? பேரு வாய் வரைக்கும் வந்துருச்சி. பெறகு சுத்தி வளைச்சி அருவாளைச் சொல்லுதா, மீசையச் சொல்லுதா. கண்ணுக்கு எதுக்கவே எழுதியிருக்க பேரை, அவ்வளவு அவசரத்துலயும் ஒருத்தி ஏன் முழுங்குதா?"

அவரே பதிலையும் சொன்னார்.

"அந்தப் பேரு அவ வீட்டுல யாருக்கோ இருக்கு. புருசனுக்கு, இல்லேன்னா மாமனாருக்கு. அதனால அவ அதை உச்சரிக்க மாட்டா."

பிரிஸ்கில்லா தன் நோட்டைத் தட்டினார். "சொல்லக் கூடாதுங்கிறதுனாலயே எத்தனையோ சொல்லு பிறந்திருக்கு தம்பி. பாம்புன்னு சொல்லப் பயந்து பூச்சின்னோம். விளக்க அணைன்னு சொல்ல மனசு வராம அமத்துன்னோம். ஊரையே கொன்ன நோவுக்குப் பேரு வைக்கப் பயந்து அம்மைன்னு கும்பிட்டோம். என் நோட்டுல ஒரு அம்மா இருக்கா. புருசன் பேரு வெள்ளைச்சாமி. அந்த அம்மா வெள்ளைப்பூண்டக்கூட 'பல்லுப்பூண்டு'ன்னுதான் சொல்லும்."

"என் வீட்டுக்காரி என்னைப் பேரச் சொல்லித்தான் ஏசுதா," என்று முணுமுணுத்தான் கண்ணபிரான்.

"இப்ப முக்காவாசிப் பேரு அப்படித்தான். அதனாலதான் நமக்கு வேலை லேசு. அத இன்னும் விடாமப் பிடிச்சிருக்கவ கொஞ்சம் பேருதான்."

மனுக்களுக்குக் கதவு எண் பார்ப்பதற்காக அவர் வைத்திருக்கும் வாக்காளர் பட்டியல்களில் கீழக்கரிசல்பட்டியை எடுத்தார். கணவன் பெயரோ, கணவனின் தகப்பன் பெயரோ சுடலை என்று தொடங்கும் இளவயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று வீடுகள் தேறின.

"மனு வேண்டாம். ஆட்டோவ எடு," என்றார்.

கீழக்கரிசல்பட்டிக்குப் போய்ச் சேரும்போது மதியம் சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. ஓடைப்பாலத்தைத் தாண்டும்போது எட்வர்ட் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வளைவில் சிவப்பு எழுத்தில் பெயர் பளிச்சென்று இருந்தது.

பிரிஸ்கில்லா ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முதல் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகளிடம், "தாயி, அங்கன பாலத்துக்கிட்ட தெரியுதே, அது என்ன கோயில்?" என்றார். "சுடலைமாடன் கோயில்" என்று அவள் துணியை உதறிக்கொண்டே சொன்னாள். இரண்டாவது வீட்டுக்காரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே, "சுடலை கோயிலு, எங்க வீட்டுக்காரருக்கும் அந்தப் பேருதான்" என்று சிரித்தாள்.

மூன்றாவது வீடு ஊரின் கடைசியில், ஆட்டுத் தொழுவத்தை ஒட்டி இருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் குட்டிகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலில் இருந்த சுடலைமாடன் அவர்தான். அவர் மனைவி வள்ளித்தாய் வாசலில் இறுகிய முகத்தோடு நின்றாள். அவள் காலடியில் கட்டி வைத்த துணிப்பை ஒன்று. குடத்தோடு வெளியே வந்த மருமகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அழுது வீங்கிய கண்கள். கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் கிடந்தது. பெரியவரின் மகன் உக்கிரபாண்டியின் மனைவி சத்யபிரியா. உக்கிரபாண்டி திருப்பூரில் வேலையில் இருந்தான்.

"அது என்ன கோயில் தாயி?"

சத்யபிரியா பாலத்தைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். "போர்டுல எழுதியிருக்குமே... பெரிய சாமி கோயிலு" என்றாள்.

எட்வர்ட் சட்டென்று முன்னால் நகர்ந்தான். அந்தக் குரலை அவன் பதினோரு நாளில் நூறு தடவையாவது போட்டுக் கேட்டிருப்பான். அவன் அசைந்த அசைவில் ஜோபின் விழித்து வீரிட்டு அழுதான். சத்யபிரியா குடத்தை வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஓடிவந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள்.

"ஏடவொத்து... ஏடவொத்து..."

சொல்லிவிட்டுத்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளே அழத் தொடங்கிவிட்டாள். "அத்தை, இந்தப் பிள்ளைதான்! நான் சொன்னேம்லா, இந்தப் பிள்ளைதான்!"

எட்வர்ட் கைக்குட்டையை அவிழ்த்துச் சங்கிலியை நீட்டினான். வள்ளித்தாய் அதை வாங்கி, அறுந்த கொக்கியை விரலால் தடவினாள். அப்புறம் துணிப்பையைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறதாப் பேச்சு," என்றாள் மெதுவாக. "பிள்ளையக் காப்பாத்துனேன், சங்கிலி ஓடையில போயிருச்சின்னு அன்னைக்கே சொன்னா. நம்புனேன். மண்ணைச் சலிச்சிச் சலிச்சித் தேடுனோம். பெறகு ஊருக்குள்ள சொன்னாவ, பிள்ளைக்குத் தகப்பனே வந்து, காப்பாத்துனது ஆந்திராக்காரின்னு சொல்லிட்டுப் போயிட்டான்னு. அப்ப இவ சொன்னதெல்லாம் பொய்யி, சங்கிலியப் பொறந்த வீட்டுக்குக் கொடுத்திட்டான்னு நெனச்சிட்டேன்."

நன்றி சொல்லத் தேடியவளின் வாழ்க்கையில் தானே மண்ணைப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எட்வர்டுக்கு உறைத்தது. "எம்மேலதான் தப்பு அம்மா. என் வாயால வந்த வினை," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க வந்தப்ப நான் மேய்ச்சல்ல இருந்தேன் அண்ணாச்சி," என்றாள் சத்யபிரியா. "பொழுது சாயத்தான் கேள்விப்பட்டேன். உங்க நம்பரு எனக்குத் தெரியாது. அன்னைக்கு ஆடு பூரா சோளத்துக்குள்ள இறங்கிருச்சி. பிள்ளைய ஆம்புலன்சுல கொடுத்துட்டு ஓடிட்டேன்."

"அவ பொய் சொல்லலைங்கதுக்குச் சங்கிலி மட்டும் சாட்சி இல்லம்மா," என்றார் பிரிஸ்கில்லா. "இதையும் கேளுங்க."

எட்வர்ட் பதிவைப் போட்டான். கோயிலு என்று தொடங்கி நின்று, அருவாளுக்கும் மீசைக்கும் தாவிய குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. பிரிஸ்கில்லா அவளைத் தேடிப்பிடித்த வழியைச் சுருக்கமாகச் சொன்னார். மூன்று வீட்டிலும் கேட்ட கேள்வியைச் சொன்னார். "வேற பேச்சு பேசுற வீட்டுல இருந்து வந்தவ உங்க வீட்டு முறைய உங்களவிடக் கெட்டியாப் பிடிச்சிருக்கா. மத்த ரெண்டு பேரு சுலுவாச் சொல்லிட்டாவ. இவ வாயில மட்டும் வரல. அத வச்சித்தான் கண்டுபிடிச்சேன்" என்று முடித்தார்.

வள்ளித்தாய் மருமகளிடம் வந்தாள். "ஏட்டி, தண்ணிக்குள்ள இருந்து பிள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு, அப்பவுமா மாமா பேரு உன் வாயில வரல?"

"நீங்க சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லையே அத்தை."

கண்ணபிரான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

எட்வர்ட் சத்யபிரியாவின் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, ஷைலா எழுந்து நடந்ததும் பிள்ளைக்கு எங்க சர்ச்சுல ஞானஸ்நானம் வைக்கோம். ஆயுசுக்கும் உங்களுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். அன்னைக்கு நீங்கதான் பிள்ளையக் கையில வச்சிக்கிட்டு முன்னால நிக்கணும். குடும்பத்தோட வரணும். இது ஷைலா சொல்லிவிட்டது, நானும் கேக்கேன்."

"வாரோம்," என்று சத்யபிரியாவுக்கு முந்தி வள்ளித்தாய் சொன்னாள். துணிப்பையைக் காலால் வீட்டுக்குள் தள்ளினாள். தன் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்து, அறுந்த கொக்கியை முடிச்சிட்டு, சங்கிலியை மருமகள் கழுத்தில் அவளே மாட்டினாள்.

"என்னை மன்னிச்சிரு தாயி. இனிமே ஒரு உசிரு தவிச்சிக்கிட்டுக் கிடந்தா முறையெல்லாம் பாக்காத. பட்டுன்னு சொல்லு. சுடலைமாடன் கோயிலுன்னு சொல்லு."

வேப்பமரத்தடியில் குழை ஒடிக்கும் சத்தம் நின்றது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததே இல்லை. பெரியவர் கையில் கொப்போடு எழுந்து நின்றார்.

"என்னையா கூப்பிட்ட?"

வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோயிலச் சொன்னேன்," என்றாள்.